தராசு அண்ணையின் மெல்லிய வெடி

ஜெர்மனியில் துவக்கு வைத்திருந்தவர்களிலேயே, தன் துவக்கு சுடுவது பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூடக் கேட்கக் கூடாது என்று பாடுபட்ட ஒரே ஆள் எங்கள் தராசு அண்ணைதான். மற்றவர்கள் எல்லோரும் துவக்கு எவ்வளவு வேகமாகச் சுடும் என்று பார்ப்பார்கள். அண்ணை, எவ்வளவு மெதுவாகச் சுடும் என்று பார்த்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள் அவரும் நானும் ஹம் நகரில் ஒரே தொழிற்சாலையில் பெட்டி கட்டினோம். அவர் தேநீருக்குப் போடும் சீனியைக்கூடச் சட்டைப்பையில் இருக்கும் சின்னத் தராசில் நிறுத்துத்தான் போடுவார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

ஒரு கோடையில் அயல்வீட்டு ஹோர்ஸ்ட் அவரைத் தன் சுடும் கழகத்தின் விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹோர்ஸ்ட் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. அண்ணை அங்கே போனது பொரித்த இறைச்சி சாப்பிட. கண்டது லீவர் துவக்கு. கௌபாய் படத்தில் குதிரையில் வருகிறவன் கீழேயுள்ள வளையத்தைப் பட்டென்று இழுத்து மூடி அடுத்த சன்னத்தை ஏற்றுவானே, அந்தச் சாமான். இளவயதில் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் அதைப் பார்த்து வாய்பிளந்தவர், ஐம்பது தாண்டி ஹம்மில் மறுபடியும் பிளந்தார். ஒரு வருடத்துக்கு மேல் கழகத்தில் பழகி, சோதனை பாஸ் பண்ணி, அனுமதி எடுத்து, ஒன்றை வாங்கியும் விட்டார். தோட்டாவைத் தானே நிரப்புவதற்கு வேறு ஒரு சோதனை. அதையும் பாஸ் பண்ணினார். அவருடைய ஜெர்மனுக்கு அது எப்படி முடிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

கோயிலில் ஆட்கள் சும்மா விடுவார்களா? துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்து, காசு குடுத்துத் துவக்கு வாங்கின ஆள் வாறார் என்று அவருடைய காதுபடவே சொன்னார்கள். அவர் கோபிக்கவில்லை.

"ஊரில சத்தத்தை மட்டும்தானே கேட்டனாங்கள். உள்ளுக்க என்ன நடக்குதெண்டு ஒருத்தரும் காட்டேல்ல" என்றார்.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஏலாது என்று சொல்லும் வாய் இருக்கவில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் அவரைக் கழகத்துக்கு ஏற்றி இறக்கும் வேலை என்னுடையது. அங்கே ஜெர்மன்காரர் எது கேட்டாலும் நான் தலையாட்டுவேன். அப்படி ஆட்டியதில் ஒருமுறை கழகத்து முற்றம் கூட்டும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது.

அண்ணையின் முதல் பிரச்சினை குறி பார்ப்பது. குழலின் பின்பக்கம் ஒரு வெட்டு, நுனியில் குண்டுமணி போல ஒரு சின்ன இரும்பு, தூரத்தில் இலக்கு. மூன்றையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். ஐம்பது தாண்டிய கண்ணுக்கு ஒன்று தெரிந்தால் மற்றது கலங்கும். வெட்டைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஓட்டை வைத்த வட்டத் தகடு ஒன்று பூட்டலாமா என்று பல கிழமைகள் யோசித்தார். அந்த யோசனையை என் தலையிலும் ஏற்றுவதற்காகத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒரு உளுந்து வடையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"ஓட்டைக்குள்ளால பாருங்கோ தம்பி. கண் தானா நடுவைத் தேடும். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

பார்த்தேன். ஓட்டையின் நடுவில் எங்கள் மேற்பார்வையாளர் நின்றார். அவர் பக்கத்தில் வந்து இது என்ன என்று கேட்டார். அண்ணை வடையை அவருடைய கண்ணிலும் வைத்துவிட்டார். எண்ணெய் வழிந்த கன்னத்தோடு அந்த மனிதர் உண்மைதான், நடு தெரிகிறது என்றார். வடைத் தகடு அன்றே முடிவாயிற்று.

அடுத்தது தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்து. அண்ணைக்கு வெற்றியில் பெரிய ஆசை இல்லை. அவருக்கு ஆசை, மலர் அக்கா ஒரு நாள் வந்து தான் சுடுவதைப் பார்க்க வேண்டும் என்பதில். அக்கா அவர் மனைவி. முதியோர் இல்லத்தில் வேலை. எதற்கும் அசையாத மனுஷி. ஆனால் வருடப் பிறப்புக்கு ஜெர்மன்காரர் வாணம் விடத் தொடங்கியதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, றேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு இருப்பார். அண்ணையும் பக்கத்தில் குளியல் தொட்டியின் விளிம்பில் இருப்பார். ஊரில் அக்கா எதைக் கேட்டுவிட்டு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை.

கழகப் போட்டிக்கு வரச் சொல்லி அண்ணை கெஞ்சிக்கொண்டே இருந்தார். சத்தம் குறைவென்றால் வருகிறேன், ஒரு வெடிக்குத் திடுக்கிட்டாலும் எழும்பிப் போய்விடுவேன், பிறகு கேட்கவே கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அண்ணை மருந்தைக் குறைக்கத் தொடங்கினார். குறைத்தால் சத்தம் குறையும், உதைப்பும் குறையும். ஆனால் சன்னம் மெதுவாகப் போய், போகும் வழியிலேயே தாழும். முதலில் இலக்குத் தாளின் அடியில் பட்டது. பிறகு மண்ணில் பட்டது. ஹோர்ஸ்ட் எட்டிப் பார்த்து, நிலத்துக்குள் இருக்கும் எலிக்கா குறி வைக்கிறாய் என்று கேட்டார். அண்ணை பின் தகட்டை உயர்த்தினார். அது அதன் உச்சிக்குப் போய் நின்றுவிட்டது. முன் குண்டுமணியைத் தேய்த்தாலும் சன்னம் மேலே ஏறும் என்று குசினி மேசையில் அரத்தோடு உட்கார்ந்தார். அக்கா சோறு போடுவதற்குள் தேவைக்கு மேல் தேய்ந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை எல்லாச் சன்னமும் தாளுக்கு மேலால் பறந்தன. தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட ஏலாது. வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். அண்ணை சிரித்தார். மருந்தை இன்னும் குறைத்தால் சன்னம் தாழ்ந்து நடுவுக்கு வரும், சத்தமும் இன்னும் குறையும். ஒரே கல்யாணத்தில் இரண்டு சாப்பாடு கிடைத்த மாதிரி அவருக்கு.

ஹோர்ஸ்டுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து கூடினால் மட்டும் ஆபத்தில்லை, போதாமல் போய்ச் சன்னம் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அதன் பின்னால் அடுத்ததைச் சுடுகிறவனுக்கு முகம் மிஞ்சாது என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். விளங்காமல் போயிருக்குமோ என்று இரண்டு தரம் சொன்னேன்.

"என்ர சன்னம் எங்கட கலியாண வீட்டு ஆக்கள் மாதிரித்தான் தம்பி. பிந்தும், ஆனா வந்து சேரும்" என்றார் அண்ணை.

போட்டியன்று நல்ல குளிர். அக்கா மேற்சட்டையைக் கழற்றாமலே கழகத்து அறையில், பெரிய கண்ணாடி யன்னலுக்கு இந்தப் பக்கம் என் அருகில் அமர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திறந்த கொட்டகையில், சுடுகிறவர்கள் காதுக்கு மூடி போட்டு வரிசையாக நின்றார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. மாதக்கணக்காகத் தன் துவக்கின் சத்தத்தைக் குறைத்த அண்ணை, தன் இரண்டு பக்கமும் நிற்கப்போகும் மற்றவர்களை மறந்தே போயிருந்தார். அவர்கள் யாரும் மருந்தைக் குறைக்கவில்லை.

முதல் வெடிக்குக் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்தார். அவருடைய நகம் பதிந்த இடம் இரண்டு நாள் நொந்தது. எழும்பிவிடுவார் என்று நினைத்துக் கார்ச் சாவியைத் தேடினேன். அவர் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பெரிய இடிகளுக்கு நடுவில் தகரத்தில் தட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"இது இவற்ர வெடி" என்றார்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் அப்படியே. மற்றவர்களின் வெடிக்கு உடம்பு நடுங்கும். அண்ணையின் வெடிக்கு முகம் கொஞ்சம் தெளியும். கண் திறக்காமலே, சன்னம் தூரத்து மண்ணில் போய்ப் புதையும் சத்தத்தையும் பிடித்து, அது பட்டுவிட்டது, இது பட்டுவிட்டது என்று எனக்குச் சொன்னார். அண்ணை நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று அக்கா கண்ணைத் திறந்தார்.

"இது போகேல்ல."

"என்ன அக்கா?"

"வெளிக்கிட்டது. போய்ச் சேரேல்ல."

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. காதை மூடியிருந்த அண்ணைக்கும் கேட்கவில்லை. உதைப்பு ஏற்கனவே இல்லாத மாதிரித்தான், ஆகவே தோளுக்கும் தெரியவில்லை. வளையத்தை இழுத்தார். அடுத்ததை ஏற்றினார். வடைத் தகட்டில் கண்ணை வைத்தார்.

அக்கா எழும்பி இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தார். அறையிலிருந்த பியர்க் கிளாஸ்கள் எல்லாம் திரும்பின. அன்று கண்காணிப்புக்கு நின்றவர் ஹோர்ஸ்ட். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், என்ன ஏது என்று கேட்டு மினக்கெடவில்லை. ஹால்ட் என்று கத்திக்கொண்டே அண்ணையின் தோளில் கையை வைத்தார். எல்லாத் துவக்கும் கீழே போனது. தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார்கள். கம்பி நடுவழியில், உள்ளே சிக்கியிருந்த சன்னத்தில் இடித்து நின்றது.

  அண்ணை உள்ளே வந்தார். தாளில் நல்ல புள்ளிகள் இருந்தும் போட்டியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.  அவர் நேரே அக்காவிடம் வந்தார்.

"உமக்குச் சத்தம் கேட்டிடுமெண்டுதான்..." என்று தொடங்கினார்.

அக்கா அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார்.

"இஞ்சாருங்கோ, இனிச் சத்தமாவே சுடுங்கோ. சத்தம் கேட்டா நீங்கள் நிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்."

 காரின் பின் சீற்றில் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்கள். நான் மெதுவாகவே ஓட்டினேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில், வேலை நேர அட்டையை அடிக்காமல், அவர் வரும்வரை நின்றேன். வந்தார். வந்ததும் வராததுமாக, ஹோர்ஸ்ட் சொன்ன முழு அளவு மருந்துக்கு எந்தக் கடினமான ஈயத்தில் சன்னம் வார்த்தால் பொருந்தும் என்று தொடங்கி, இடைவேளை முடியும்வரை நிறுத்தவில்லை. எனக்கு ஈயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேசட்டும், இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று இருந்தது.