நாக்குச் சாத்திரியாரின் நாக்கு

மலேரியாக் காய்ச்சல் ஓய்ந்த மறுவருடம் உன்னிச்சையிலே அந்த ஊரில் புதிதாய் ஒரு காய்ச்சல் பரவிற்று. அதன் பெயர் வினாயகமூர்த்திச் சாத்திரியார். மற்றச் சாத்திரிமாருக்குக் கைரேகை போதும். இவருக்கோ நாக்கு வேண்டும். ஒரு பொய்க்கு நாக்கில் ஒரு கட்டி என்பது அவர் கண்ட சித்தாந்தம். வண்டி கட்டி வந்த சனங்கள் வரிசையாய் நின்று, பயபக்தியோடு நாக்கை நீட்டினர். அவ்வளவு பேர் அவ்வளவு நேரம் பேசாதிருந்ததே அவர் செய்த முதல் அற்புதம்.

சாமித்தம்பியின் எருமை காணாமற்போயிற்று. சாத்திரியார் கள்வனைத் தேடி வாய் வாயாய்ப் பார்த்துவந்து, வயல் வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் விதானையாகிய அருமைநாயகத்தின் முன் நின்றார். அவருடைய நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் மிளகளவில் சதைக் கட்டிகள்! கள்வன் அகப்பட்டான். மறுநாளே வேறொருவரை விதானையாக்குவதென்று ஊர் முடிவுகட்டிற்று.

அருமைநாயகத்தின் மனைவி மங்கையற்கரசிக்கு அக்கட்டிகள் புதியவையல்ல. மாமியாரின் வாயிலும் இருந்தன. கைக்குழந்தையின் நாக்கிலும் இரண்டு அரும்பியிருந்தன. பரம்பரையாய் வருவதென்று மட்டக்களப்பு டாக்குத்தர் முன்னரே சொல்லியிருந்தார். அவள் குழந்தையோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"நாலு மாசப் புள்ள. இன்னும் 'அம்மா' எண்டும் சொல்லல்ல. இது என்ன பொய் சொன்னது, சாத்திரியார்?"

"முற்பிறப்புப் பொய், புள்ள."

கூட்டம் தலையாட்டிற்று. முற்பிறப்புக்குச் சாட்சி கேட்பார் யார்? அவளோ இப்பிறப்பை விட்டு நகரவில்லை.

"வெள்ளிக்கிழமை மழை எண்டு கோயில் அம்மாளே நேரில வந்து சொன்னா எண்டீங்க. நம்பி விதைச்சம். விதை குருவிக்குப் போச்சு. அம்மாள் பொய் சொல்லமாட்டா. அப்ப அந்தக் கட்டி உங்கட நாக்கிலதான் இருக்கும். ஒருக்கா நீட்டுங்க, பாப்பம்."

ஊர் நாக்கெல்லாம் கண்டவர் தம் வாயை இறுக மூடிக்கொண்டார். கட்டி இருந்தால் அவர் பொய்யர்; இல்லையேல் சாத்திரம் பொய்.

நெல் வாங்க வந்திருந்த ஓட்டமாவடிக் கச்சி முகம்மது சிரித்தார். "நாங்க எல்லாரும் நீட்டினதானே. உங்களுக்கு மட்டும் என்ன வெக்கம்?"

வேறு வழியின்றி வாய் திறந்தது. நாக்கு வாழையிலைபோல் வழுவழுவென்றிருந்தது. முதலிற் சிரித்தவர் சாமித்தம்பி. மறுநாளும் அருமைநாயகமே மதகைத் திறந்தார்.

மூன்றாம் நாள் எருமை, காட்டில் ஈன்ற கன்றோடு தானாகவே வீடு வந்தது. ஊரைவிட்டுப் போன சாத்திரியார் வரவில்லை.

நீட்டு என்றதும் நீட்டிய ஊராரே, 'ஏன்?' என்று கேட்பதற்கும் உதவுவது அதே நாக்குத்தான்.