கொழும்பு முதலாளிக்குச் சொத்தில்லை

"ஏட்டி பூங்கனி, இந்த மச்சுவீடு ஒனக்குள்ளது. நான் ஒனக்க மாப்பிள்ளை இல்ல. கேட்டியா?"

பூங்கனி அரிவாள்மணையை விட்டு எழவில்லை. "பின்ன நீங்க ஆரு?"

"தூரத்துச் சொந்தம். கொழும்புக்காரன்."

முத்துநாயகத்துக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் கருப்பட்டி மொத்தக்கடை. இலங்கை சுதந்திரம் வாங்கிய பிறகு அங்கே தங்கி வியாபாரம் பண்ண விசா கேட்டார்கள். விசா இல்லையென்றால் கடை போச்சு. இந்தியாவில் வீடு, நிலம், பெண்டாட்டி உள்ளவனை அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கப்பலில் ஒருவன் சொல்லியிருந்தான். விசாரிக்க இலங்கை அதிகாரி ஒருவர் இன்று நாகர்கோவிலுக்கே வருகிறார்.

அதிகாரி, வண்டிக்காரன் யோவானின் குதிரைவண்டியில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"உமக்கு இஞ்ச காணி, வீடு ஏதும் இருக்கோ?"

"ஒரு சாணும் கெடையாது சாரே."

"இந்த மாடிவீடு?"

"அது இந்த அம்மைக்குள்ளது."

அதிகாரி பூங்கனியிடம் திரும்பினார். "இவர் எங்க படுக்கிறவர்?"

சொல்லிக்கொடுக்க மறந்துபோன கேள்வி. வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கிற புருஷனைப் பூங்கனி ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாட்டுத் தொழுவத்துல. மாட்டுக்குத் தண்ணி காட்டுனா ஒருநேரம் கஞ்சி ஊத்துவேன்."

முத்துநாயகம் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்ய?

"கோட்டாறு சந்தையில உம்மட கடை ஒண்டு இருக்காமே?"

"அய்யோ, அது இவருக்குள்ளது!" அவசரத்தில், வேடிக்கை பார்த்து நின்ற எதிர்க்கடை நாராயணபெருமாளைக் காட்டிவிட்டார்.

நாராயணபெருமாளுக்கு வாய் காதுவரை போயிற்று. "ஆமா சாரே, எனக்குள்ளதுதான். இவன் வேலை கேட்டு வந்தான். தராசு பிடிக்கத் தெரியல்ல, விரட்டிட்டேன்."

"சும்மா கெடயும் வே!" என்று முத்துநாயகம் பல்லைக் கடித்தார்.

"பாத்தேளா சாரே, முதலாளிக்கிட்ட எப்படிப் பேசுகான்!"

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. முத்துநாயகம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "மன்னிக்கணும் முதலாளி."

"அப்ப கொழும்புக் கடைக்கு முதல் ஆர் போட்டது?"

"பிறத்தியான் முதல் சாரே. நான் வெறும் ஆளு."

அதிகாரி நீளமாக எழுதினார். பேனாவை மூடி, முத்துநாயகத்தின் தோளில் மெல்லத் தட்டிவிட்டு வண்டியேறினார்.

"கண்டியா, தோளில தட்டுனாரு! விசா கெடைச்ச மாதிரிதான். ஏட்டி, பாயசம் வை!"

"மொதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க."

பாயசம் கொதிக்கும்போது யோவான் அதிகாரியை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். முத்துநாயகத்தின் கையில் ஓர் எட்டணாவை வைத்தான்.

"அண்ணாச்சி, சொத்துபத்து உள்ள வியாபாரிக்குத்தான் விசாவாம், ஒண்ணுமில்லாதவன அங்க ஏத்தமாட்டாங்களாம், 'அந்தப் பாவம் ராத்திரிக்கு ஏதாவது வாங்கித் தின்னட்டும்'னு சாரு இதைக் குடுத்துவிட்டாரு."