நடுப்பாலத்தில் இரண்டு சக்கரவர்த்திகள்

திரினுஸ் ஆறு, மேற்குக் கரை.

மிலான் அரண்மனைக் குதிரை லாயத்தின் தலைவரும், என் மனைவி டொம்னிகாவின் மூத்த சகோதரருமான மைத்துனர் வெரானியுஸ் அவர்களுக்கு, ஊர்ச்சபை உறுப்பினன் வெர்சோ மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் குதிரைகளும் நலமென்றால் நல்லது. நானும் என் பன்றிகளும் நலமே.

என் மகளும் உங்கள் மருமகளுமான சுரில்லாவின் கல்யாணத்தன்று நான் சக்கரவர்த்தியை அவமதித்துவிட்டதாக அரண்மனை வரைக்கும் பேச்சு வந்திருக்கிறதாம். தயவுசெய்து ஒரு சொல்லைக்கூட நம்பாதீர்கள். அன்று நடந்தது முழுவதும் என் ஏற்பாடு. அதனால்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

பழைய சக்கரவர்த்தி கண்ணை மூடியதும் மூத்த பிள்ளைக்குக் கிழக்கு, இளையவருக்கு மேற்கு என்று பாகம் பிரித்தார்கள் அல்லவா, அந்தக் கோடு எங்கள் ஆற்றின் மேல்தான் விழுந்தது. சுரில்லாவுக்கு நிச்சயித்த பையன் தியோனாஸ் கிழக்குக் கரை. டொம்னிகா பயந்துபோய், “என்னங்க, பொண்ணு வேற ராஜ்ஜியத்துக்குப் போறா. பிரச்சனை எதுவும் வர்றதுக்குள்ள கல்யாணத்த முடிச்சிடலாம்” என்றாள். “அடிப் பைத்தியமே, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை பிரிச்சான், எத்தனை தடவை சேர்த்தான்! அடுப்பு ரெண்டு, வீடு ஒண்ணு, அவ்வளவுதான்” என்று சொன்னேன். சொன்னதோடு விடாமல், இரண்டு சக்கரவர்த்திகளின் படங்களும் எங்கள் ஊர் வழியாக வண்டியில் ஊர்வலமாக வருகிற நாளையே முகூர்த்தமாகவும் வைத்தேன். ஊரே மெழுகுவர்த்தியும் சாம்பிராணியுமாக நிற்கும், குழல்காரர்கள் ஊதுவார்கள், நடுவில் என் மகள் செம்மஞ்சள் முக்காட்டோடு நடந்து போவாள். எந்த அப்பனுக்கு இந்த யோசனை வரும், சொல்லுங்கள்!

அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று காட்ட, சின்னவர் படம் கிழக்கே போகிறது, பெரியவர் படம் மேற்கே வருகிறது. இரண்டும் ஒரே நாளில் வரும் என்பது எனக்குத் தெரியும். ஒரே நேரத்தில் பாலத்தில் ஏறும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் பாலத்தில் ஒரு வண்டிதான் போகலாம். நட்ட நடுவில் கோவேறு கழுதையும் கோவேறு கழுதையும் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நின்றன. படம் வந்தால் சக்கரவர்த்தியே வந்த மாதிரி, பின்வாங்க வைத்தால் ராஜத்துரோகம், தலை போய்விடும். பெரியவர் படத்தோடு வந்த கிழக்கு அதிகாரி, “அண்ணன் வர்றாரு, தம்பி ஒதுங்கணும். உங்க வீட்ல இதுகூடவா சொல்லித் தரல?” என்றார். எங்கள் அதிகாரி விடுவாரா? “ரோமாபுரி எங்ககிட்ட இருக்கு. பூர்வீக வீடு யார்கிட்டயோ அவர்தான்யா பெரியவரு!” என்றார். எங்கள் வண்டிக்குப் பின்னால் கல்யாணப் பெண், அவர்கள் வண்டிக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார், நடுவில் இரண்டு சாம்ராஜ்ஜியங்கள்.

சுரில்லாவின் கையில் இருந்த கல்யாணப் பந்தம் எரிந்து குறைந்துகொண்டே வந்தது. பந்தம் அணைவதற்குள் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா மெலிதினாவுக்குப் பிடிவாதம். அக்கரையிலிருந்து, “சம்பந்தி! பந்தம் அணைஞ்சா பொண்ண அப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க! என் பையனுக்குப் பொண்ணா கிடைக்காது?” என்று கத்தினாள். தியோனாஸ், “அம்மா, எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்” என்று பதிலுக்குக் கத்தினான். சுரில்லா அழவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. படம்தானே பின்வாங்கக் கூடாது, வண்டி பின்வாங்கலாமே! படங்களை இறக்குங்கள், அவர் வண்டியில் இவரை ஏற்றுங்கள், இவர் வண்டியில் அவரை ஏற்றுங்கள், கழுதைகளை அவிழ்த்து மறுபக்கம் பூட்டுங்கள், வந்த வண்டி வந்த வழியே போகட்டும், படம் மட்டும் முன்னாலேயே போகும். இரண்டு அதிகாரிகளும் வாயைப் பிளந்தார்கள். “இவ்வளவு அறிவை வெச்சுக்கிட்டு இங்க வந்து பன்னி மேய்க்கிறீரே!” என்று கிழக்கு அதிகாரியே சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

படங்களை இறக்கிப் பாலத்தில் சாய்த்து வைத்தோம். சக்கரவர்த்திக்கு முதுகைக் காட்டக் கூடாது, ஆனால் ஒருவருக்கு முகம் காட்டினால் இன்னொருவருக்கு முதுகு தெரிந்தது, ஆகவே எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தோம், இடித்துக்கொண்டோம், ஒரு குழல்காரன் ஆற்றில் விழுந்தான், அவனைத் தூக்கப் படங்களை அங்கே இங்கே நகர்த்தினோம், கடைசியில் பார்த்தால் எது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டிலும் அதே பெரிய கண், அதே மீசையில்லாத வாய், அதே கிரீடம். பெயர் எழுதிய கொடிகள் வண்டிகளில் கட்டியிருந்தன, படங்களில் ஓர் எழுத்தும் இல்லை. அதிகாரிகள் இருவரும் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். நான் தயங்கவே இல்லை. “இவர்தான் மூத்தவர். பொறுப்பு முகத்துலயே தெரியுது பாருங்க!” என்றேன். “ஆமாமா, தெரியுது, தெரியுது” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கிழக்கும் மேற்கும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அந்தச் சமயத்தில் பந்தம் அணைந்தது. மெலிதினா, “போச்சு!” என்று குரல் கொடுத்தாள். உங்கள் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? நேராகப் போய்ப் படத்தின் முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியில் பந்தத்தைப் பற்றவைத்தாள். “ஐயையோ, சக்கரவர்த்தியோட விளக்கு!” என்று அதிகாரிகள் பதறினார்கள். அவள், “எந்தச் சக்கரவர்த்தியோடதுன்னு மட்டும் சொல்லுங்க, அவர்கிட்டயே மன்னிப்பு கேட்டுக்கறேன்” என்றாள். இரண்டு பேரும் அவசர அவசரமாகக் கழுதைகளைப் பூட்டச் சொன்னார்கள். வண்டிகள் விலகின, கல்யாண வழக்கப்படி பிள்ளைகள் வாதுமைக்கொட்டை வீசினார்கள், பந்தம் எரிய எரிய என் மகள் அக்கரை வாசலை மிதித்தாள். மெலிதினாவே பெண்ணை அணைத்துக்கொண்டாள்.

ஆகவே அரண்மனையில் யார் கேட்டாலும், பாகப்பிரிவினை என்பது வெறும் பேச்சு, எல்லையில் வெர்சோ என்று ஒருவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான் என்று தைரியமாகச் சொல்லுங்கள். அறுவடைக்கு அவசியம் வாருங்கள், பன்றித்தொடை உப்பில் ஊறிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டாருக்கும் குதிரைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

தங்கள் அன்புள்ள,
வெர்சோ

பின்குறிப்பு: கொண்டுபோக ஆள் கிடைக்காமல் கடிதம் நாலைந்து நாள் கிடந்தது, அதற்குள் ஒரு சிறு மாறுதல். எந்தப் படம் எங்கே போனது என்று இரு தரப்பும் விசாரித்து முடிக்கும்வரை யாரும் கடக்கக் கூடாதென்று பாலத்தின் நடுப்பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். படகுக்கும் தடை. டொம்னிகா மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அதற்கு முந்தின நாள்தான் அக்கரைக்குப் போயிருந்தாள். உங்கள் எஜமானர் காதில் எப்படியாவது போடுங்கள், மைத்துனரே, இனிமேல் நான் ஒரு யோசனையும் சொல்ல மாட்டேன். தினமும் சாயங்காலம் ஆளுக்கொரு கரையில் நின்று கத்திப் பேசிக்கொள்கிறோம். நேற்று அவள், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று கத்தினேன். இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.