வாயாடி வாய் மூடிக்கொண்டது

கம்ப்யூட்டரில் கதை எழுதும் எடிட்டரைத் திறந்தாள். வாயாடி பேசவில்லை.

வாயாடி என்பது அதிலிருந்த ஸ்கிரீன் ரீடருக்கு அவளே வைத்த செல்லப் பெயர். கண் தெரியாத அவளுக்குத் திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்வது அதன் வேலை. அதன் துணையோடு அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வரிசையாக மர்ம நாவல்கள் எழுதித் தள்ளிவிட்டாள். புது நாவலின் கடைசி அத்தியாயம் மதியத்துக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். எழுதியாயிற்று, ஒரு தடவை காதால் கேட்டுத் திருத்துவதுதான் பாக்கி.

வயரில்லாத ஹெட்ஃபோனைத் தட்டிப் பார்த்தாள். மூச்சுப் பேச்சில்லை.

"இந்த எடிட்டர்காரங்க வேலைதான்!" என்று பல்லைக் கடித்தாள்.

பாதி தேய்த்த சட்டையோடு கணவன் எட்டிப் பார்த்தான். "அவங்க என்ன பண்ணாங்க?"

"நேத்து புதுப்பிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு ஒரு அலங்காரம் சேர்ப்பாங்க. காதுக்கு இருந்ததைப் பிடுங்கிப்பாங்க."

புது எடிட்டரைத் தூக்கிவிட்டுப் பழையதை ஏற்றினாள். கட்டளைகள் எல்லாம் விரலுக்கு மனப்பாடம். அதுவும் ஊமை. கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலில் ஓடும் இன்னொரு எடிட்டரைத் திறந்தாள். அதுவும் கப்சிப். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். வழக்கமாக வணக்கம் சொல்லி எழுந்திருக்கும் வாயாடி, இன்று கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி இருந்தது.

"நான் படிச்சுக் காட்டட்டுமா?" என்றான் கணவன்.

"வேண்டாங்க. நீங்க படிச்சா கொலைகூட கரண்ட் பில் மாதிரி கேட்கும். ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"வாயாடி ஓடிட்டு இருக்குன்னுதான் போட்டிருக்கு. சத்தம் கொஞ்சம் கம்மி."

"முழுசா ஏத்துங்க."

ஏற்றினான். ஒன்றுமில்லை.

"வேகம் எவ்வளவு வெச்சிருக்கே? முள்ளு கடைசியில நிக்குதே!"

அவள் வைத்திருந்த வேகத்தில் வாயாடி பேசினால், பழகாத காதுக்குக் கொசு ரீங்காரம்தான். "அதுலதான் திணறுதோ என்னமோ. குறைங்க. செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமா வைங்க."

குறைத்தான். அப்போதும் இல்லை.

"சரி, கடைசியா ஒண்ணு." அத்தியாயத்தை முதலிலிருந்து முடிவுவரை படிக்கச் சொல்லும் விசையை அழுத்தினாள். இருவரும் காத்திருந்தார்கள். பாதியில் இருந்த சட்டை தேய்த்து முடிந்தது, கூடையில் மிச்சமிருந்த துணிகளும் முடிந்தன. ஹெட்ஃபோனுக்குள் கிணற்று அமைதி.

பொறுமை போய்விட்டது. எடிட்டர்காரர்களுக்கு நாலு வரி தட்டினாள்: 'உங்கள் எடிட்டருக்கு அழகு இருக்கிறது, நாக்கு இல்லை. காது வைத்துப் பிழைப்பவர்களும் உலகத்தில் இருக்கிறோம்.' அனுப்பிவிட்டு வாயாடியை நிறுத்தினாள்.

"படிங்க," என்றாள் ஈனஸ்வரத்தில்.

அவன் படித்தான். எதிர்பார்த்தபடி கரண்ட் பில்தான். ஆனாலும் அவள் அங்கங்கே நிறுத்தச் சொல்லித் திருத்தினாள். கடைசிப் பக்கத்தில் அவனே நின்றுவிட்டான்.

"அடப்பாவி! இவனா கொலைகாரன்? இவ்வளவு நேரம் சிரிச்ச முகமா இருந்தானே! மரத்துப்போற ஊசின்னு சொல்லிட்டு..."

"எப்படி?"

"இனிமே எந்த ஊசியைப் பார்த்தாலும் பயம்தான்."

அந்த ஒரு பாராட்டில் அவளுக்குக் காலை முழுவதும் பட்ட பாடு மறந்துபோயிற்று. மதியத்துக்கு முன்பே அத்தியாயம் பதிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்தது.

இருவரும் காபியோடு உட்கார்ந்தபோது அழைப்பு மணி அடித்தது. கீழ்த்தளத்துக் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மேடம், உங்க கம்ப்யூட்டர் உங்க ஹெட்ஃபோனை விட்டுட்டு எங்க வயரில்லாத ஸ்பீக்கரோட போய் ஒட்டிக்கிச்சு போல."

"எந்த ஸ்பீக்கர்?"

"பேஷன்ட்டுங்க காத்திருக்கிற ஹால்ல இருக்கறது. முதல்ல ஏதோ கொசு கத்துற மாதிரிதான் இருந்தது. அப்புறம் நல்ல சத்தமா, நிறுத்தி நிதானமா, முழுக் கதையும் வந்துடுச்சு."

கணவன் காபியைக் கீழே வைத்தான். அவள் மெல்லக் கேட்டாள்: "யாருக்காவது பிடிச்சுதா?"

"எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது மேடம். ஆனா கொலை பண்ணினது பல் டாக்டர்னு வந்ததிலேர்ந்து, எங்க டாக்டர்கிட்ட ஒருத்தர்கூட வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க!"