பூஜ்யத்துக்குக் கீழே பவுன்

வேலைக்கு வருகிறவர்கள் உடம்பில் மின்னூட்டம் இல்லாமல் வரவேண்டும் என்பது வடக்கே கட்கி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பெனியின் விதி. நியாயமான விதிதான். உள்ளே செய்வது எலக்ட்ரானிக் போர்டு. குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்குமே, அதோடு போய்த் தொட்டால் போர்டு வெளியே தெரியாமல் செத்துப்போகும்.

அதனால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் பன்னிரண்டு வருஷமாக வாசலில் இருந்த இரும்புக் குழாயை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். மின்னூட்டம் மண்ணுக்குள் போனது. ஆனால் யாரும் அளக்கவில்லை. அளக்காமல் நடக்கிற நல்லதை எந்த ஃபைலில் வைப்பது? ஆகவே அளப்பதற்கென்றே ஓர் அதிகாரியாகக் கிருஷ்ணஸ்வாமி நியமிக்கப்பட்டார்.

சென்னைக்காரர், வீடு பணக்கார அடுக்குமாடிகள் நிறைந்த பாணேரில். கையில் செப்புக் காப்பு. தினம் காலையில் அரைமணி நேரம் வெறுங்காலோடு புல்லில் நடப்பார். பாணேரில் இப்போது அதுதான் நாகரிகம். உடம்பு மின்சாரமெல்லாம் பூமிக்கு இறங்கிவிடுமாம். வந்த முதல் வாரமே கையில் பிடிக்கிற மீட்டர் ஒன்று வாங்கினார்.

உள்ளே போர்டு செய்கிற பவுனுக்கு, மீட்டரில் மின்னூட்டம் காட்டியதற்காக அதற்குள் இரண்டு மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வெள்ளிக்கிழமை மேலே போகிற பர்மனென்ட் லிஸ்டில் பேர் இருக்காது. ஆறு வருஷமாகக் காண்ட்ராக்ட். "இன்னிக்கு மட்டும் காப்பாத்து தாயே" என்று வேண்டிக்கொண்டே பழைய ஞாபகத்தில் குழாய்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"தொடாதே! தடயத்தை அழிக்கிறியா?" என்று ஓடிவந்தார் கிருஷ்ணஸ்வாமி.

"தொட்டா பூடும் சார்."

"அதைத்தானே சொல்றேன். போயிட்டா நான் எதை அளக்கறது?"

மறுக்க முடியாத கேள்வி. மேற்படி மின்னூட்டம் வீணாகாமல் இருக்க அவளைப் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தினார். மீட்டரை நீட்டினார். முந்நூற்றுப் பத்து. மறுபடியும் நீட்டினார். இருநூற்று எண்பது.

"ஏன் மாத்தி மாத்திக் காட்டறே?"

"நான் இன்னா சார் காட்டறேன்? மீட்டர்தான் காட்டுது."

"மீட்டருக்கு சர்டிபிகேட் இருக்கு. உனக்கு இருக்கா?"

வரிசையில் பின்னால் நின்ற நஸ்ரினுக்கு வாய் சும்மா இருக்காது. "பத்தாவது ஃபெயிலான சர்டிபிகேட் இருக்குது சார். எடுத்தாரச் சொல்லட்டா?"

"ஸைலன்ஸ்! இது எங்கேருந்து வந்தது?"

"ஸ்வெட்டர்லேர்ந்து சார்" என்றாள் பவுன்.

"ஸ்வெட்டர் நம்ம ஸ்டாஃபா?"

"இல்ல சார்."

"அப்போ பொறுப்பு உன்னோடதுதான். எழுதிக் குடு."

மீட்டர் விற்ற கம்பெனியின் ஆள் சபரி, விமான் நகரிலிருந்து மாதாந்திரச் சோதனைக்கு அப்போதுதான் வந்து இறங்கினான். பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்தான். மூடியில் பித்தளைக் கம்பி, கம்பி முனையில் மெல்லிசாக இரண்டு தகடு.

"மின்னூட்டம் இருந்தா தகடு ரெண்டும் விரியும் சார். இல்லேன்னா சும்மா தொங்கும்."

"நம்பர் எங்கே வரும்?"

"நம்பரெல்லாம் வராது."

"நம்பர் இல்லாத உண்மையை வெச்சுண்டு நான் என்ன பண்றது?"

சபரி பாட்டிலைப் பவுன் பக்கம் கொண்டுபோனான். தகடுகள் பேருக்கு விலகின. கிருஷ்ணஸ்வாமி பக்கம் திருப்பினான். இரண்டும் அகல விரிந்து கண்ணாடியில் போய் மோதின.

"மீட்டரைப் பிடிக்கிறவர் உடம்புல இருந்தா, அதுவும் கணக்குல வரும் சார். இது உங்களோடது."

"நான்சென்ஸ். தினம் புல்லுல நடக்கறேன் நான்."

"எந்தப் புல்லு சார்?"

"எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டில. பதினோராவது மாடி. பச்சைப்பசேல்னு இருக்கும்."

"தண்ணி ஊத்துவாங்களா?"

"எதுக்கு? வாரம் ஒரு தடவை துடைச்சா போறும்."

"யா அல்லா, பிளாஸ்டிக் புல்லு!" என்றாள் நஸ்ரின். வரிசை குலுங்கிச் சிரித்தது. மெமோ போனது என்று நினைத்துப் பவுன் ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

அதிகாரி கத்தினால் பயமில்லை. அவர் யோசிக்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. மத்தியானம் சுற்றறிக்கை வந்தது: "மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதே முறை. அவ்வண்ணமே, இன்று முதல் இப்பிரிவில் மேற்படி அதிகாரியின் மின்னூட்டமே பூஜ்யம் எனக் கொள்ளப்படும்."

அதன்படி அளந்தால் பவுன் பூஜ்யத்துக்குக் கீழே முந்நூறு.

"சார், இருந்தாத்தானே தப்புன்னீங்க?"

"விதி என்ன சொல்றது? பூஜ்யம். நீ பூஜ்யமா? இல்லையே! மெமோவை வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வெக்கறேன். அதுக்குள்ள ஏறி வந்துடு."

பவுன் ஏறினாள். நைலான் புடவை, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ். வாசல் பிளாஸ்டிக் பாயில் நூறு தடவை தேய்ப்பு. அவளைப் பார்த்து மற்றவர்களும் தேய்த்தார்கள். சிரித்த நஸ்ரின்கூட, "ஏய், என் தலையில பலூன் தேய்ச்சு விடுடி, இன்னும் நாப்பது கொறயுது" என்று கெஞ்சினாள். வெள்ளிக்கிழமை காலையில் பவுன், தலைமுடி சிலிர்த்து நிற்க, பூஜ்யத்தைத் தொட்டாள். லிஸ்டில் பேர் ஏறியது. உள்ளே அவள் தொட்ட போர்டெல்லாம் 'பட்'டென்று ஒரு பொறியோடு செத்தது. செத்த போர்டு வெளியே பார்க்க உயிரோடு இருக்கிற போர்டு மாதிரியேதான் இருக்கும். எண்ணிக் கட்டி அனுப்பினார்கள், சபரியின் மீட்டர் கம்பெனிக்கு.

அடுத்த மாதம் அந்த போர்டு போட்ட புது மீட்டர் வந்தது. கிருஷ்ணஸ்வாமி நஸ்ரினிடம் நீட்டினார். பூஜ்யம். பவுனிடம் நீட்டினார். பூஜ்யம். தனக்கே வைத்துக்கொண்டார். பூஜ்யம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நூறு சதவீதம் என்று மேலே எழுதினார். அவருக்குப் பதவி உயர்வும் பவுனுக்குப் பர்மனென்ட் ஆர்டரும் ஒரே கவரில் வந்தன.

தான் கொன்ற போர்டுதான் அதற்குள் இருக்கிறது என்று பவுனுக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இங்கே கையெழுத்துப் போடு" என்றார் அவர்.

வாயை மூடிக்கொண்டு போட்டாள்.

அந்த மீட்டர் இப்போது பிரமாதமாக விற்கிறதாம். எந்த ஆபீஸில் வைத்தாலும் யாரிடமும் ஒரு குறையும் காட்டுவதில்லை. உங்கள் ஆபீஸுக்கும் ஒன்று வந்திருக்கும். இதுவரை அது சரியில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தீர்களா?