டிசம்பர் படங்களில் ஒரு மீன்

"இந்த வருஷக் கடிதத்துக்கு நானே படம் பொறுக்கித் தர்றேன்" என்று டோர்வால்ட் ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார். முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவராக ஒரு வேலையைக் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. அவர் மனைவி ஆர்டிஸ் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். அவ்வளவு சுலபமாக அவள் 'சரிங்க' சொன்னதற்கு அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரும் படவில்லை.

அவர் அவசரம் அவருக்கு. கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் எடுத்து அனுப்பியதும் அவர் எடுத்ததுமாக, டிசம்பர் மாதத்தில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் அந்த ஏரிக்கரை ஊரில் டிசம்பர் வந்தால் யாரும் தங்கள் வீட்டில் இருப்பதில்லை. எல்லோரும் அடுத்தவர் வீட்டில் இருப்பார்கள். விளக்கு ஊர்வலம், பிஸ்கட் பரிமாற்றம், பாட்டுக் கச்சேரி, சர்ச் கீழ்த்தளத்தில் கொழகொழவென்று ஒரு மீன் விருந்து என்று மூச்சு விட நேரம் இருக்காது. இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, ஆறு படம் சேர்த்து, ஜனவரியில் உறவுக்காரர்களுக்கு அனுப்புவது ஆர்டிஸின் வழக்கம். மற்றவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். டிசம்பர் முடியாமல் டிசம்பரைப் பற்றி எப்படி எழுதுவது என்பது அவள் கட்சி.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொரு படங்களில் ஒரு மீன் இருந்தது. ஆர்டிஸ் காபியோடு வருவதற்குள் அறுபத்தொன்றையும் அழித்தாக வேண்டும்.

அது கம்பளி நூலில் பின்னிய மீன். செப்டம்பரிலிருந்து ஆர்டிஸ் ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கட்டின புருஷன் கல்லுக்குண்டாட்டம் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வேறு யாருக்குப் பின்னப்போகிறாள்? நவம்பர் கடைசியில் "போட்டுப் பாருங்க" என்றாள். போட்டுப் பார்த்தார். கருநீல ஸ்வெட்டர். மார்பில் முழ நீளத்துக்கு ஒரு பச்சை ஏரி மீன், கண்ணை உருட்டிக்கொண்டு வாயைப் பிளந்திருந்தது. டோர்வால்டுக்கு மீன் வாடை பட்டாலே தும்மல் வரும். கை இரண்டும் விரலைத் தாண்டித் தொங்கின. கீழ் விளிம்பு முழங்காலை விசாரித்தது.

நல்ல மனுஷர், பெண்டாட்டி மேல் குறை சொல்லவில்லை. நாம்தான் வயசாகிக் குறுகிவிட்டோம் என்று கண்ணாடி முன் நின்று வருத்தப்பட்டார். "கொஞ்சம் தாராளமா இருக்கு இல்ல? வச்சுக்கோங்க" என்று ஆர்டிஸ் நகர்ந்துவிட்டாள்.

போடவும் முடியாது. போடமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. மணிக்கட்டு வலியோடு மூன்று மாதம் உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். அவள் முகம் வாடினால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆகவே, அன்பின் காரணமாக, டோர்வால்ட் திருட்டில் இறங்கினார்.

ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் டிசம்பர் முதல் சனிக்கிழமை ஒரு பரிசு விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் உள்ள எண் வரிசைப்படி எழுந்து, புதுப் பொட்டலம் பிரிக்கலாம், அல்லது ஏற்கெனவே பிரித்தவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். ஆர்டிஸ் அதற்காக மெழுகுவர்த்திகளைச் சிவப்புத் தாளில் சுற்றி வைத்திருந்தாள். டோர்வால்ட் அவற்றைக் கார் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, அதே மாதிரித் தாளில் ஸ்வெட்டரைச் சுற்றினார். மிச்சத் தாளும் கத்தரியும் அலமாரி மேல் தயாராகக் கிடந்தன. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

இருநூறு மைல் தாண்டி விருந்தாளியாக வந்திருந்த ஒரு பல் டாக்டர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். மீன் ஊரைவிட்டே போகப்போகிறது. டோர்வால்ட் நிம்மதியாக மூச்சு விட்டார். பாதி மூச்சில் கடைசி எண் அழைக்கப்பட்டது. சீட்டுப் பெட்டி வைத்திருந்த ஆர்டிஸின் சிநேகிதி மார்லிஸ், "எய்னோ லாஹ்டி" என்றாள்.

லாஹ்டி பக்கத்து வீட்டுக்காரர். ஆறடி மூன்றங்குலம். நாலு வருஷம் முன்பு மனைவி ஹெல்மி இறந்துபோனதிலிருந்து ஏரியைத் தவிர எங்கும் போவதில்லை. முப்பது வருஷம் தீயணைப்பில் இருந்த பாசத்தில் இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் வந்து கதவோரம் நிற்பார். யாராவது சமைத்துக் கொண்டுபோய் வாசலில் வைத்தால், மறுநாள் காலையில் பாத்திரம் தொடாமலே திரும்பி வரும். மேலே ஒரு சீட்டு: 'நன்றி. எனக்கு இருப்பது போதும்.'

அந்த லாஹ்டி நாற்பது பேரைத் தாண்டி நேராகப் பல் டாக்டரிடம் போய் மீனைப் பிடுங்கினார். அங்கேயே போட்டுக்கொண்டார். அளவெடுத்துப் பின்னியது போல இருந்தது. நல்ல வேளை, ஆர்டிஸ் அப்போது சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் டோர்வால்ட் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் யாரோ லாஹ்டியிடம் மீன் அமர்க்களம் என்றார்களாம். அவர் இதைவிடப் பெரியது ஒன்றைப் பிடித்த கதையை ஆரம்பித்தார். அதை முடிப்பதற்கு அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். எல்லாவற்றுக்கும் அதே ஸ்வெட்டர். ஆர்டிஸ் பார்த்துவிடாமல் இருக்க, டோர்வால்ட் எட்டி எட்டி அவருடைய மேல்கோட்டின் ஜிப்பை இழுத்துவிட்டார். பாட்டுக் கச்சேரியில் தம் சால்வையைப் போர்த்தினார். பிஸ்கட் பரிமாற்றத்தில் மேசை விரிப்பை அவர் கழுத்தில் கட்டினார். மீன் விருந்துக்கு அவர் வராமல் தடுக்க, தாமே அவரோடு உறைந்த ஏரிக்குப் போய், பனியில் துளை போட்ட குடிலுக்குள் உட்கார்ந்து மூன்று நாள் தும்மினார்.

நடுநடுவே ஆர்டிஸ் வேறு கேட்பாள். "அந்த ஸ்வெட்டரை எப்போ போடப் போறீங்க?" நல்ல நாளுக்கு எடுத்து வைத்திருப்பதாக இவர் சொல்வார். அவளும் தலையாட்டுவாள்.

இப்போது ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். முதல் படங்களில் லாஹ்டி கதவோரம் நின்றார். பத்தாம் தேதிவாக்கில் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபதாம் தேதி நாலு பேருக்கு நடுவில் கையை அகலமாக விரித்து மீனின் நீளம் காட்டிக்கொண்டிருந்தார். கை அகல அகல, அழிக்கும் வேகம் குறைந்தது. எப்படியோ அறுபது படங்கள் போயின. அறுபத்தொன்றாவது, ஏரிக் குடிலில் அவரே எடுத்தது. டோர்வால்டின் தும்மலில் தூண்டிலில் இருந்த மீன் ஓடிப்போன நிமிஷம். லாஹ்டி ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஹெல்மி இருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட சிரிப்பு. நாலு வருஷமாகக் கேட்காதது.

விரல் பித்தானுக்குப் போனது, அழுத்த மறுத்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்டிஸ் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எய்னோ சிரிக்கிறார்" என்றாள்.

"ஆமா."

"ஸ்வெட்டர் அவருக்கு எடுப்பா இருக்கு."

டோர்வால்ட் உடைந்துபோனார். மெழுகுவர்த்தி, சிவப்புத் தாள், பல் டாக்டர் எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.  "கை வலியோட மூணு மாசம் பின்னினே, ஆர்டிஸ். அதை நான் திருடிக் கொண்டுபோய் வச்சுட்டேன்."

ஆர்டிஸ் ஒரு வாய் காபி குடித்தாள். "மெழுகுவர்த்தி பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாலதானே இருந்துது? கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு ரெண்டு ஏத்தினேன். உங்க மூக்குக்கு நேராத்தான் எரிஞ்சுது."

"உனக்குத் தெரியுமா?"

"முப்பத்திரண்டு வருஷமா உங்களுக்குப் பின்னிப் போடறேன். உங்க கை எவ்வளவு நீளம்னு தெரியாதா? அது உங்களுக்குன்னு நான் எப்போ சொன்னேன்?"

அவர் யோசித்துப் பார்த்தார். சொல்லவே இல்லை. "அப்போ நேரா அவர்கிட்டயே குடுத்திருக்கலாமே."

"மடிச்சுத் திருப்பி அனுப்பியிருப்பார், மேல ஒரு சீட்டோட. இங்கேன்னா ஒண்ணு வச்சு ஒண்ணு எடுக்கறது. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம்."

"கடைசி நம்பர் அவருக்கு வந்துது..."

"பெட்டி மார்லிஸ்கிட்டதானே இருந்துது."

"அப்போ நீயே கொண்டுபோய் வச்சிருக்கலாம். என்னை எதுக்குத் திருடனாக்கினே?"

"நான் வச்சா அவருக்கு விளங்கிடும். உங்க முகத்தைப் பார்த்தா, பெண்டாட்டிக்குத் தெரியாம கொண்டு வந்திருக்கார்னு ஊருக்கே தெரியும். எனக்கு ஒரே ஒரு பயம்தான். மனசு இளகி நீங்களே போட்டுக்குவீங்களோன்னு. அதான் தாளைக் கண்ணுல படற மாதிரி வச்சேன்."

டோர்வால்ட் வாயைத் திறந்தார். ஸ்வெட்டரில் இருந்த மீனும் அவரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

ஆர்டிஸ் தன் கைபேசியை எடுத்து அவர் முன் வைத்தாள். அவளும் டிசம்பர் முழுக்கப் படம் எடுத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் டோர்வால்ட். நாற்காலி மேல் ஏறி லாஹ்டிக்கு ஜிப் போடும் டோர்வால்ட். சால்வை போர்த்தும் டோர்வால்ட். மேசை விரிப்போடு ஓடும் டோர்வால்ட். பனி மூடிய ஏரியில் இரண்டு முதுகுகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, குடிலை நோக்கி நடந்துகொண்டிருந்தன.

"நான் அவருக்கு ஒரு ஸ்வெட்டர்தான் குடுக்க நினைச்சேன்" என்றாள். அவள் குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. "கூட ஒரு ஆளைக் குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அது நீங்களா பண்ணினது."

அந்த இரண்டு முதுகுகள் படத்தைத்தான் கடிதத்தின் தலைப்பில் போடுவது என்று முடிவாயிற்று. டோர்வால்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஏமாந்ததில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கொஞ்சலாகக் கேட்டார்.

இதைக் கேட்டிருக்க வேண்டாம். ஆர்டிஸ் நாற்காலிக்கடியிலிருந்து கூடையை இழுத்தாள். உள்ளேயிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வந்தது. போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதம். கை கச்சிதம். வயிறுகூடக் கச்சிதம். மார்பின் குறுக்கே, தெருக்கோடியிலிருந்து படிக்கிற அளவுக்கு, சிவப்பு எழுத்தில் 'டோர்வால்ட்' என்று பின்னியிருந்தது.

அவர் கண் தானாக அலமாரிப் பக்கம் போனது. மேலே தாளும் இல்லை, கத்தரியும் இல்லை.

"இந்த ஜில்லாவிலேயே அந்தப் பேருல வேற ஆள் கிடையாதுங்க" என்றாள் ஆர்டிஸ். "விசாரிச்சுட்டேன்."