மூன்றாம் தரம் கேட்காத மாப்பிள்ளை

எங்கள் ஊரில், ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று முதல் தரம் கேட்டவுடனேயே "ஓம், தாங்கோ" என்று கையை நீட்டுகிறவரை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரமும் வேண்டாம். மூன்றாம் தரம், கேட்கிறவருக்கு எரிச்சல் வருகிற கட்டத்தில், அவருடைய மனம் நோகக்கூடாதே என்று இரங்கி வடையை எடுக்கலாம். இந்த நல்ல பழக்கம் என் கலியாணத்தையே விழுங்கப் பார்த்தது.

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர்த் தட்டு ஏந்தி ஏந்தி அலுத்துப்போயிருந்தேன். (அந்தப் பட்டுச்சேலைக்கும் அலுத்திருக்கும், பாவம்.) இந்த நிலையில் கனடாவிலிருந்து வந்திருந்த ரமணன் என்பவர், வீட்டுக்கு வந்து சம்பிரதாயம் எல்லாம் வேண்டாம், யாழ்ப்பாண நகரத்தில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கடையில் ஞாயிறு 'பிரஞ்ச்' சாப்பிட்டபடி கதைப்போம் என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சாப்பிடுவதுதான் அது என்று அண்ணை விளக்கினார். அதைக் கேட்ட அம்மா அந்த ஞாயிறு காலை அடுப்பே மூட்டவில்லை. அப்பா வயிற்றுக்கோளாறு என்று தப்பிவிட, நாங்கள் மூவரும் உடுப்பிட்டியிலிருந்து வெறும் வயிற்றோடு ஓட்டோவில் போய் இறங்கினோம்.

உள்ளே ஒரே பாட்டும் சிரிப்பும். பக்கத்து மேசையில் இளைஞர்கள் தோடம்பழத் துண்டு செருகிய நிறநிறமான கொக்டெயில் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிளாசுகளை அண்ணை பார்த்த மாதிரி எந்தப் பெண்ணையும் பார்த்து நான் கண்டதில்லை.

ரமணனைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, அதை ஒளிப்பானேன். இவர் சரிவராவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடியும் தட்டு. அவர் அம்மாவிடம் என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஐயோ வேண்டாம் தம்பி, வீட்டிலை சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்."

அண்ணையிடம் கொக்டெயில் வேண்டுமா என்று கேட்டார். அம்மா பக்கத்தில் இருந்ததால் அண்ணை செத்தவீட்டுக் குரலில் வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். பிறகு மூவரும் இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தோம். அவர் தனக்கு ஒரு பீட்சாவும் எங்களுக்குத் தண்ணீரும் சொன்னார்.

மனுசன் ஐந்து வயதிலேயே கனடா போனவர். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நம்புகிற ஊரில் வளர்ந்தவர்.

பீட்சா வந்தது. ஒரு துண்டு எடுக்கச் சொன்னார். அது புதுச் சாப்பாடு, ஆகவே கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேண்டாம் என்றோம். சீஸ் தட்டிலிருந்து அவர் வாய்வரை இழுபட, எங்கள் கண்களும் கூடவே போய்வந்தன. ஐஸ்கிரீமுக்கும் வேண்டாம். பசியில் காது அடைத்து, என் வாய் தன்பாட்டில் இயங்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கலியாணம் செய்வமோ?"

"வேண்டாம்" என்றேன்.

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. நேரே சொன்னதற்கு நன்றி என்று சொல்லி, பில் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அது அண்ணையின் கால்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசி ஒரு பக்கம், அலுப்பு ஒரு பக்கம், இப்படியொரு மனிதரை என் வாயாலேயே துரத்திவிட்டேனே என்ற துக்கம் ஒரு பக்கம்.

"இன்னொருக்கால் கேளுங்கோ" என்றேன்.

"ஏன்?"

"இஞ்சை மூண்டு தரம் கேக்கவேணும். சாப்பாட்டுக்கும் அப்பிடித்தான். நாங்கள் காலமை தொட்டு ஒண்டும் சாப்பிடேல்லை."

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இரண்டு பீட்சாவும், அண்ணையைக் கேட்காமலேயே ஒரு கொக்டெயிலும் சொன்னார். கலியாணத்தை மட்டும் முறைப்படி மறுபடி கேட்டார். இரண்டாம் தரமும் வேண்டாம் என்றேன். (வளர்ப்பு அப்படி.) மூன்றாம் தரம் வாய் நிறையப் பீட்சா இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலோடு அவர் கனடாவை விட்டு உடுப்பிட்டியிலேயே தங்கிவிட்டார். இப்போது எங்களுக்குள் சண்டை வந்தால் நேரே அம்மாவிடம் போய் முறையிடுவார். அம்மா காய் வெட்டுவதை நிறுத்தாமல், "அண்டைக்கே முதல் வேண்டாமோடை எழும்பிப் போயிருக்கலாம் தம்பி. ஆர் மறிச்சது?" என்று கேட்பார்.

"உங்கடை மகள்தான் மாமி" என்பார் அவர், ஒவ்வொரு முறையும், பெருமூச்சோடு.